நான்கு கிளாஸில் ஸ்காட்லாந்து

1988இல் யுனைட்டெட் டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் ஆறு போத்தல்களை ஒரே வரிசையில் நிறுத்தி விற்கத் தொடங்கியது. கிளென்கின்சி, டல்வின்னி, கிராகன்மோர், ஓபன், டாலிஸ்கர், லாகவூலின். ‘கிளாசிக் மால்ட்ஸ்’ என்று அந்த வரிசைக்குப் பெயர். ஸ்காட்லாந்தின் வெவ்வேறு மூலைகளில் வடித்த ஆறு விஸ்கிகள் மதுக்கடை மேசையில் பக்கம்பக்கமாக நின்றன. கிளென்கின்சியை முகர்ந்த கையோடு லாகவூலினை முகர்ந்தவருக்கு வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றில் புல்லும் தேனும், மற்றொன்றில் அடுப்புப் புகை.

விஸ்கியை ருசிக்கப் பழகுபவர் முதலில் செய்யும் பிழை, விலை உயர்ந்த போத்தல் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது. தனியாகக் குடித்தால் “நல்லாயிருக்கு”, “காட்டமா இருக்கு” என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல வராது. நடுத்தர விலையில் இரண்டு போத்தல் இருந்தால் அரை மணியில் கூடுதலாகவே கற்கலாம். இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விதியின் மேல் நிற்கிறது: இரண்டு கிளாஸுக்கு இடையே ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கட்டும், மற்றவை முடிந்தவரை ஒன்றாக இருக்கட்டும்.

முதலில் லேபிள்

2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகள் சொல்வது இவ்வளவுதான்: ஸ்காட்லாந்தில் வடித்திருக்க வேண்டும், 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் அங்கேயே குறைந்தது 3 ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், போத்தலில் 40 சதவீத ஆல்கஹாலாவது இருக்க வேண்டும். தண்ணீரும் நிறத்துக்கான சாதாக் காரமெலும் தவிர வேறெதையும் சேர்க்கக்கூடாது. அந்தக் காரமெல் அனுமதி ஒன்றே போதும், நிறத்தைப் பார்த்து வயதை எடைபோடும் வித்தையைப் பொய்யாக்க.

கடையில் நின்று நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

1. வகை. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்தது சிங்கிள் மால்ட். கோதுமை, சோளம் போன்ற தானியங்களும் கலந்து, பெரும்பாலும் உயரமான தொடர்வாலையில் வடிப்பது கிரெயின். மால்ட்டும் கிரெயினும் சேர்ந்தது பிளெண்டட் ஸ்காட்ச். ‘சிங்கிள்’ என்றால் ஒரே பீப்பாய் என்று பொருள் இல்லை; ஒரே வடிசாலை, அவ்வளவே.
2. வயது. 12 என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பதிலேயே இளையது 12. மற்றவை அதற்கு மூத்தவையாக இருக்கலாம்.
3. ஆல்கஹால் அளவு. ஒப்பிடும்போது ஆளை அதிகம் ஏமாற்றுவது இதுதான். இந்தியாவில் விற்கும் ஸ்காட்ச் பலவற்றில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதே பெயரில் லண்டனில் வாங்கியதில் 40. உறவினர் விமான நிலையத்தில் வாங்கி வந்த போத்தலும் ஊரில் வாங்கிய போத்தலும் வேறு மாதிரி ருசிப்பதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.
4. பீப்பாய். போர்பன் பீப்பாயா, ஷெர்ரி பீப்பாயா, இரண்டுமா என்பது. பல லேபிள்கள் இதைச் சொல்லிவிடுகின்றன.

தேவையான சாமான்கள்

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ்கள், ஒரே அளவில் நான்கு. 2001இல் கிளென்கெய்ர்ன் நிறுவனம் கொண்டுவந்த கிளாஸ்தான் இன்று வடிசாலைகளில் பரவலாகப் புழங்குகிறது. அது கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ் போதும். அகன்ற வாயுள்ள தடித்த டம்ளர் ஐஸ் போட்டுக் குடிக்கச் சரி, முகர்ந்து பார்க்க உதவாது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, தண்ணீர் அளக்க. 15 மி.லி. அளவுக்கு இருமல் மருந்துப் போத்தலின் மூடியே இருக்கிறது. நன்றாகக் கழுவிக்கொண்டால் சரி. கிளாஸை மூடச் சிறு தட்டுகள், அதிகம் தாது இல்லாத குடிநீர், உப்பில்லாத பிஸ்கட் அல்லது வெறும் ரொட்டி, துப்ப ஒரு கிண்ணம், பென்சில், தாள்.

அறையில் ஊதுபத்தியோ சாம்பிராணியோ மல்லிகைச் சரமோ வேண்டாம். கொசுவர்த்திச் சுருள் அறவே கூடாது. அது புகைகிற அறையில் எந்த விஸ்கியும், புகைவாசத்துக்குப் பெயர்போன ஐலா தீவு விஸ்கிதான். சென்னை மே மாத வெக்கையில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மூக்கைச் சுடும். அறை 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. மின்விசிறியை நிறுத்திவிடலாம்.

எதை எதனோடு வைப்பது

அடுத்தடுத்து நான்கு முறை அமர்வதற்கான வரிசைகள் கீழே. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கும் ஆசை வேண்டாம்.

*முதல் வரிசை: பீப்பாய்.* கிளென்மோரஞ்சி ஒரிஜினல், அதே வடிசாலையின் லசாண்டா. இரண்டும் ஒரே வாலையில் பிறந்தவை. முதலாவது போர்பன் பீப்பாயில் முதிர்ந்தது. இரண்டாவது போர்பன் பீப்பாயில் இருந்துவிட்டுக் கடைசியாக ஷெர்ரி பீப்பாய்க்குப் போனது. ஒரிஜினலில் ஆரஞ்சுத் தோல், வெனிலா, கஸ்டர்ட் வாசம் வரும். லசாண்டாவில் உலர்திராட்சை, பேரீச்சை, லேசான கிராம்பு. இந்த ஒரு வித்தியாசம் மூக்கில் பதிந்துவிட்டால், மதுக்கடையில் பெயர் தெரியாத விஸ்கியைக் கொடுத்தாலும் “இதில் ஷெர்ரி இருக்கு” என்று சொல்லிவிட முடியும். வேறெதையும் வாங்காவிட்டாலும் இந்த ஜோடியை வாங்கலாம்.

*இரண்டாம் வரிசை: புகை.* சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த மக்கிய தாவர மண்தான் பீட். முளைகட்டிய பார்லியை அதன் புகையில் உலர்த்தினால் ஃபீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தில் ஒட்டிக்கொண்டு விஸ்கிவரை வருகின்றன. இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஐலாவின் புரூக்லாடி வடிசாலையைப் போல வசதியான இடம் வேறில்லை. ‘கிளாசிக் லாடி’ பீட் புகை படாதது. ‘போர்ட் ஷார்லட் 10’ நல்ல புகை. இரண்டும் அதே வடிசாலை, இரண்டும் 50 சதவீதம். பீப்பாய்களில் சிறு வேறுபாடு உண்டு என்றாலும் முன்னால் வந்து நிற்பது புகைதான்.

அதே வடிசாலை ‘ஆக்டோமோர்’ என்று இன்னொன்றும் செய்கிறது, புகைப்பித்தர்களுக்கு. அதை முதல் நாளே திறப்பவருக்கு அன்று வேறெதுவும் ருசிக்காது. லேபிளிலோ கடைக்காரர் வாயிலோ வரும் ‘பிபிஎம்’ எண்ணையும் அளவோடு நம்ப வேண்டும். அது பார்லியில் இருந்த ஃபீனாலின் அளவு. வடிப்பிலும் முதிர்விலும் அதில் கணிசமான பகுதி போய்விடும்.

*மூன்றாம் வரிசை: பிளெண்டைப் பிரித்துப் பார்த்தல்.* ஜானி வாக்கர் பிளாக் லேபிள் வீட்டில் இருப்பவர்கள் பலர். அதன் பக்கத்தில் மூன்றை வைக்கலாம்: கேமரன்பிரிட்ஜ் வடிசாலையின் கிரெயின் விஸ்கியான ஹெய்க் கிளப், ஸ்பேசைடின் கார்டூ 12, ஐலாவின் கலீலா 12. கார்டூவும் கலீலாவும் ஜானி வாக்கருக்கு நெடுநாளாக மால்ட் கொடுத்துவரும் வடிசாலைகள். மூன்றையும் முகர்ந்துவிட்டுப் பிளாக் லேபிளுக்கு வந்தால், அடியில் ஓடும் மெல்லிய புகை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடும். பிளெண்ட் என்றால் மட்டம் என்று பேசும் மால்ட் பிரியர்களுக்கு இந்த வரிசை நல்ல மருந்து.

*நான்காம் வரிசை: வட்டாரம்.* சட்டம் பெயரிட்டுக் காக்கும் வட்டாரங்கள் ஐந்து: ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, கேம்பல்டவுன், ஐலா. ஸ்கை, ஓர்க்னி போன்ற தீவுகள் சட்டத்தின் கண்ணில் ஹைலேண்டுக்குள் அடக்கம். வட்டாரத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு. ஆனால் அதிலிருந்து விதி வகுக்கக்கூடாது. ஐலா என்றால் புகை என்று மனப்பாடம் செய்தவருக்கு அதே தீவின் புனஹாவன் 12ஐ ஊற்றிக் கொடுத்தால் போதும்; அதில் புகை அநேகமாக இல்லை.

வயதை ஒப்பிட விரும்புவோர் ஒரே பெயரின் 12, 15, 18 ஆண்டுகளை வாங்கி அடுக்குவார்கள். கிளென்ஃபிடிக்கின் 15, முழுதாகக் காலியாக்காத சொலேரா தொட்டியில் கலந்து வருவது, 12 அப்படியல்ல. அங்கே வயதோடு செய்முறையும் மாறிவிடுகிறது. கிளாஸில் தெரியும் வித்தியாசம் முழுவதையும் மூன்று ஆண்டுகளின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

உட்காருவதற்கு முன் பாதுகாப்பு

தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21. குடிக்காதவர் இந்த அத்தியாயத்துக்காகத் தொடங்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. மதுவில் ‘ஆபத்தில்லாத அளவு’ என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் விலகியிருக்க வேண்டும். மெட்ரோனிடசோல் மாத்திரை, தூக்க மாத்திரை, நீரிழிவு மருந்துகள் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கணக்கு எளிது. நான்கு கிளாஸில் தலா 15 மி.லி. ஊற்றினால் மொத்தம் 60 மி.லி.; நம்மூர் வழக்கில் ஒரு லார்ஜ். 43 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 26 மி.லி. சுத்த ஆல்கஹால். பிரிட்டனின் கணக்கில் 2.6 யூனிட், அங்கே வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது அறிவுரை. ஊற்றியதையெல்லாம் விழுங்க வேண்டியதில்லை. தொழிலாக ருசிப்பவர்கள் துப்புகிறார்கள். பிளெண்டர்கள் பெரும்பாலான வேலையை மூக்காலேயே முடித்துவிடுகிறார்கள்.

வெறும் வயிறு கூடாது. ஒரு மணி நேரம் முன்பு காரமில்லாத சாப்பாடு, உதாரணத்துக்குத் தயிர் சாதம். ஊறுகாயைத் தவிர்க்கலாம்.

வண்டிச் சாவியை முன்கூட்டியே வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. இந்தியாவில் 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. தாண்டினால் குற்றம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50 மி.கி. என்று குறைத்த பிறகு, பல வடிசாலைகள் வண்டி ஓட்டி வரும் விருந்தினருக்குச் சிறு புட்டியில் ஊற்றிக் கொடுத்தனுப்புகின்றன. 60 சதவீதத்தை நெருங்கும் பீப்பாய்ப் பலம் கொண்ட விஸ்கி எளிதில் தீப்பிடிக்கும். மேசையில் மெழுகுவர்த்தி வேண்டாம்.

ருசிக்கும் முறை

1. மென்மையானதிலிருந்து முரடானதற்குச் செல்லும்படி இடமிருந்து வலமாக வரிசைப்படுத்தவும். முதலில் புகையில்லாதவை, பிறகு ஷெர்ரி, கடைசியில் புகை. விலையோ வயதோ இந்த வரிசையைத் தீர்மானிக்கக்கூடாது.
2. தலா 15 மி.லி. ஊற்றித் தட்டால் மூடிப் பத்து நிமிடம் விடவும். வொயிட் அண்ட் மேக்கே நிறுவனத்தின் புகழ்பெற்ற பிளெண்டராக இருந்த ரிச்சர்ட் பேட்டர்சன் முதலில் சிறிது ஊற்றிக் கிளாஸைச் சுழற்றி அதைத் தரையில் வீசிவிடுவார். வீட்டில் அலசுதொட்டியே போதும்.
3. நிறத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரவும். கிளாஸ் சுவரில் வழியும் கோடுகள் ஆல்கஹால் அளவைக் கொஞ்சம் காட்டும், தரத்தைக் காட்டாது.
4. கிளாஸை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மெதுவாக மூக்கருகே கொண்டுவரவும். ஒயினுக்குச் செய்வதுபோல் மூக்கை உள்ளே நுழைத்து ஆழமாக இழுத்தால் நெடி ஏறி மூக்கு மரத்துவிடும். இரண்டு சின்ன முகர்வு, ஒரு இடைவெளி.
5. எதையும் குடிப்பதற்கு முன் நான்கையும் முகர்ந்து முடிக்கவும். முதலில் தோன்றிய சொல்லை உடனே எழுதிவிடவும்.
6. மூக்கு களைத்தால் தன் முழங்கை மடிப்பையோ சட்டைக் கையையோ முகரலாம். காப்பிக் கொட்டை தேவையில்லை.
7. அரை டீஸ்பூன் அளவு வாயில் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிடவும். முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். தீர்ப்பு இரண்டாவது மிடறுக்கு.
8. விழுங்கியதும் அல்லது துப்பியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடவும். வாசத்தின் பெரும்பகுதி இப்போதுதான் தெரியும்.
9. ஒரு நிமிடம் காத்திருந்து, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று குறிக்கவும். இனிப்பா, கசப்பா, சாம்பலா?
10. ரொட்டி, தண்ணீர், அடுத்த கிளாஸ். நான்காவது முடிந்ததும் முதலாவதற்குத் திரும்பவும். புகைக்குப் பிறகு அது தட்டையாகத் தெரிந்தால் கோளாறு விஸ்கியில் இல்லை, நாக்கில்.

தண்ணீர் விடும் கலை

தண்ணீர் கலந்தால் ஸ்காட்சுக்கு அவமரியாதை என்று சொல்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். விஸ்கியைக் கலப்பதையே பிழைப்பாகக் கொண்ட பிளெண்டர்கள் அதை 20 சதவீதம் வரை தண்ணீரால் இறக்கித்தான் முகர்கிறார்கள். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ல்சனும் ஃபிரீட்மனும் கணினி மாதிரியில் இதைப் பார்த்தார்கள். புகை வாசம் தரும் குவாயகோல் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கையில் எத்தனாலால் சூழப்பட்டு உள்ளே மூழ்கிக் கிடக்கிறது. 25 சதவீதம் அளவில் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. மேற்பரப்பில் இருப்பதுதான் மூக்குக்கு எட்டும்.

செய்முறைக்கு வருவோம். 15 மி.லி. விஸ்கியை 40 சதவீதத்துக்கு இறக்க, 46 சதவீதமாக இருந்தால் 2.25 மி.லி. தண்ணீர் போதும், 50 ஆக இருந்தால் 3.75 மி.லி.; 60 ஆக இருந்தால் 7.5 மி.லி. சிரிஞ்ச் இதற்குத்தான். டாலிஸ்கர் 10 வருவது 45.8 சதவீதத்தில். அதைக் கார்டூவின் 40உடன் அப்படியே ஒப்பிட்டால், “டாலிஸ்கர் கனமாக இருக்கு” என்று எழுதத் தோன்றும். அந்தக் கனத்தில் ஒரு பங்கு வெறும் ஆல்கஹால். பலத்தைச் சமப்படுத்திய பிறகும் மிஞ்சுவது எதுவோ அதுதான் டாலிஸ்கர்.

தண்ணீர் விடாமல் ஒருமுறை, சமப்படுத்தி ஒருமுறை, விரும்பினால் 30 சதவீதம் அளவில் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் விட்டு முகர வேண்டும். சில போத்தல்கள் தண்ணீர் பட்டதும் கலங்கும். குளிரவைத்து வடிகட்டாதவற்றில், குறிப்பாக 46 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவற்றில், இது இயல்பு. கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. ஐஸும் சோடாவும் ஒப்பிடும் வேலை முடிந்த பிறகு.

என்ன எழுதுவது

எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1979இல் விஸ்கி வாசங்களுக்கு ஒரு சக்கர வரைபடம் உருவாக்கினார்கள். அதிலிருந்து பிறந்த பட்டியல்கள் ஏராளம். ஹெதர் பூவும் கிறிஸ்துமஸ் புட்டிங்கும் முகர்ந்தறியாதவர் அவற்றைத் தன் குறிப்பில் எழுதுவது வீண் நடிப்பு. ரஸ்தாளிப் பழம், தேங்காய் மிட்டாய், கருப்பட்டிப் பாகு, நார்த்தங்காய், புது மரப்பலகை, டிஞ்சர் அயோடின், கருவாடு என்று தன் மூக்குக்குத் தெரிந்ததையே எழுதலாம். ஐலாவின் லாஃப்ராய்க் விஸ்கியின் முதல் முகர்வில் “ஆஸ்பத்திரி” என்று எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

குறிப்பு: சொல் வராதபோது உதவ, தொலைவில் ஒரு தட்டில் இரண்டு கிராம்பு, நாலு உலர்திராட்சை, ஒரு சொட்டு வெனிலா எசென்ஸ், ஆரஞ்சுத் தோல் வைத்திருக்கலாம். சந்தேகம் வரும்போது எழுந்து போய் முகர்ந்துவிட்டு வர வேண்டும். கிளாஸுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது.

நூறு மதிப்பெண் முறை தொடக்கத்தில் தேவையில்லை. “இரண்டில் எது, ஏன்” என்று ஒரு வரி எழுதினாலே பயன்.

லேபிளை மறைத்து ஒரு சோதனை

எடின்பரோவின் லீத் பகுதியில் 1983இல் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி தன் போத்தல்களில் வடிசாலையின் பெயருக்குப் பதில் எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகிறது. பெயரும் விலையும் நாக்கை எவ்வளவு வளைக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

1. உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளவும். அவர் மூன்று கிளாஸ்களில் ஊற்றட்டும்: இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. அளவு தலா 5 மி.லி. போதும்.
2. அடியில் எண் ஒட்டிக் கலைத்து வைக்கவும். நிறம் காட்டிக்கொடுத்தால் விளக்கைக் குறைக்கவும்.
3. ருசிப்பவர் ‘ஒத்துவராத கிளாஸ் எது’ என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.
4. மூன்று சுற்று நடத்தவும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூன்றிலும் குருட்டு யோகம் அடிக்க 27இல் ஒன்றுதான்.

கிளாசிக் லாடியையும் போர்ட் ஷார்லட்டையும் யாரும் பிரித்துவிடுவார்கள். பிளாக் லேபிளின் 40 சதவீதப் போத்தலையும் 42.8 சதவீதப் போத்தலையும் சமப்படுத்திவிட்டு இதே சோதனையைச் செய்வதுதான் வேடிக்கை. மேசையில் இருப்பவர்களின் வீம்பு அங்கே குறையும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஆறு ஏழு போத்தல் திறப்பது முதல் தவறு. நான்குக்கு மேல் நாக்கு பொய் சொல்லத் தொடங்கும். வாசனைத் திரவியம் பூசி வருவது, நடுவில் சிகரெட் பிடிப்பது, மிக்சரும் சிக்கன் 65ம் பக்கத்தில் வைப்பது எல்லாம் தெரிந்தே செய்பவை. தெரியாமல் செய்வது, சோப்பு வாடை போகாத கிளாஸ். வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலரவிட வேண்டும். பீரோவுக்குள் மூடி வைத்திருந்த கிளாஸில் மரவாடை இருக்கும், அதையும் ஒருமுறை அலச வேண்டும். நால்வர் சேர்ந்தால் முதலில் வாய் திறப்பவரின் சொல்லே எல்லோர் நாக்கிலும் ஏறிவிடும். எழுதி முடிக்கும்வரை பேச்சு கூடாது.

இன்னொன்று, புதிதாகத் திறந்த போத்தலையும் மாதக்கணக்கில் அடியில் கொஞ்சமாகக் கிடந்த போத்தலையும் ஒப்பிடுவது. காற்றுப் பட்டுப் பட்டு விஸ்கியின் மேல்வாசங்கள் மங்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதைச் சிறு புட்டியில் கழுத்துவரை நிரப்பி மாற்றி வைத்தால் தாக்குப்பிடிக்கும். போத்தல்களை எப்போதும் நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும். ஒயின் மாதிரிப் படுக்கவைத்தால் பலமான ஆல்கஹால் கார்க்கை அரித்து, அடுத்த முறை திறக்கும்போது பாதி கார்க் கழுத்திலேயே நின்றுவிடும். அப்படி ஆனால் மெல்லிய துணியில் வடிகட்டி வேறு சுத்தமான புட்டிக்கு மாற்றலாம். காலிப் போத்தலை எறியும் முன் லேபிளைக் கிழித்துவிடுவது நல்லது, போலிச் சரக்கு ஊற்றுபவர்கள் தேடுவது அதைத்தான்.